மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு

மூக்கு ஒழுகுவதையெல்லாம் ஒரு நோய் என்று எழுத வந்துவிட்டாளே என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு மூன்று வருடம் விடாமல் ஒழுகியதில்லை என்று அர்த்தம். எனக்கு ஒழுகியது. வெயிலில் ஒழுகியது, மழையில் ஒழுகியது. ரசத்துக்கு மிளகு தட்டினால், குழம்பு தாளித்தால், சாக்பீஸ் தூள் பறந்தால், சூடான காபியைக் கையில் எடுத்தால், தலைமை ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினால்கூட ஒழுகியது. ஒழுகாத நேரத்தில் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டபடி வகுப்பில் நின்றிருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் மின்சார ரயிலில் போய் சாயங்காலம் திரும்புவார். அதிகம் பேசாதவர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சந்தேகப் பிராணி. பரீட்சை ஹாலில் நான் நின்றால் பிள்ளைகள் பேனாவை உதறவே பயப்படுவார்கள். கடைக்காரர் தராசைத் தூக்கும்போது நான் தட்டைப் பார்க்க மாட்டேன், அவருடைய சுண்டுவிரலைத்தான் பார்ப்பேன். பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் வாங்கியதில்லை. இந்தக் குணம் பிறவியிலேயே வந்ததா என்று கேட்டால், பாதிதான். மீதிப் பாதி என் தங்கை ரூபியால் வந்தது.

என் மூக்குத் தொல்லை தொடங்குவதற்கு நாலு வருடம் முன்பு ரூபிக்குக் காசநோய் வந்தது. தாம்பரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியான சானடோரியத்தில் சேர்த்தபோது நோய் முற்றியிருந்தது. டாக்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அப்பா என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதோடு சரி. எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். பெரிய நோய் என்றால் அது நோயாளியின் காதுக்குப் போகக் கூடாது, பெண்கள் காதுக்கும் போகக் கூடாது. ஆண்கள் வராந்தாவில் கூடிக் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். உள்ளே வந்து, "ஒண்ணுமில்லம்மா, சளிக்கட்டுதான், அடுத்த மாசம் வீட்டுக்குப் போகலாம்" என்பார்கள். ரூபி அதை நம்பினாள். நானும் நம்பினேன். கிறிஸ்துமஸுக்கு என்ன கலர் ரவிக்கைத் துணி எடுப்பது என்று அவளும் நானும் பேசிக்கொண்டிருந்த வாரத்தில் அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரருக்கு எல்லாம் முன்னாலேயே தெரியும் என்பது அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். கல் நெஞ்சுக்காரி என்று ஓர் அத்தை என் காதில் விழும்படியே சொன்னாள்.

அப்படிப்பட்ட ஊரில், அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி எந்நேரமும் கையில் கைக்குட்டையோடு திரிந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வெளியூர்க்காரர்களுக்குத் தாம்பரம் என்றாலே சானடோரியம்தான் ஞாபகம் வரும். ஆசிரியைகள் அறையில் என் டம்ளரை மட்டும் யாரோ தனியே கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார்கள். யார் என்று கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் கேட்கவில்லை. கடைசியில் தலைமை ஆசிரியையே கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். பேரண்ட்ஸ் கேக்கறாங்க. ஒரு செஸ்ட் எக்ஸ்ரே எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நல்லது. மூக்கையும் யார்கிட்டயாவது காட்டிடுங்க. இப்படியே போனா கிளாஸ் எப்படித் தர்றது?" என்றார். எடுத்துக்கொடுத்தேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதியிருந்ததாலேயே எனக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அந்த மூன்று வருடமும் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரு சின்னப் புட்டி. மூடியில் ரப்பரும் கண்ணாடிக் குழலும் வைத்த சொட்டு மருந்து. பக்கத்து வீட்டு அம்மாள் ஜலதோஷத்துக்குக் கொடுத்ததுதான் முதல் புட்டி. தலையை அண்ணாந்து மூக்கில் இரண்டிரண்டு சொட்டு விட்டால், தொண்டையில் லேசாகக் கசக்கும். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துவிட்டது போலக் காற்று உள்ளே போகும். அந்தச் சுகத்தைச் சொல்லி மாளாது. பிறகு மருந்துக் கடையில் நானே வாங்கிக்கொண்டேன். யாரும் சீட்டு கேட்கவில்லை. கைப்பையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று, பள்ளி மேசை இழுப்பறையில் ஒன்று என்று வைத்திருந்தேன். வர வரச் சுகம் நீடிக்கும் நேரம்தான் குறைந்துகொண்டே வந்தது. மருந்தில் கலப்படம் என்று நினைத்து இரண்டு தரம் கடையை மாற்றினேன்.

பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காது, மூக்கு, தொண்டைப் பகுதியில் காலை ஏழு மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பவர் நகர நகர நாமும் உட்கார்ந்தபடியே நகர வேண்டும். எனக்குப் பின்னால் வந்த ஓர் அம்மாள் எனக்கு முன்னால் உள்ளே போனாள். ஏன் என்று கேட்டேன். வாயிற்காப்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவுங்களுக்குக் காது கேக்காது, உங்களுக்குத்தான் நல்லா கேக்குதே" என்றார். பெஞ்சே சிரித்தது.

உள்ளே நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிய இளம் டாக்டர், அந்த வெளிச்சத்தை என் மூக்குக்குள் பாய்ச்சிப் பார்த்தார். எவ்வளவு நாளாக, எந்த நேரத்தில், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா, வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டார். மருந்து ஒன்றும் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் மருந்து என்றால் டாக்டர் கொடுக்கும் மிக்ஸரும் மாத்திரையும் ஊசியும்தான். தைலம், ஆவி பிடிப்பது, மூக்குச் சொட்டு இதையெல்லாம் யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? பல்பொடி போடுகிறாயா என்று கேட்டால் சொல்வேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

முகத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்குச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார்கள். கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறையை ஊசி போட்டுக் கழுவினார்கள். அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும். வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. சீழ் இல்லை, அலர்ஜி இல்லை, சதை வளரவில்லை. இல்லை இல்லை என்று கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் கூடியது. கடைசியில் வார்டில் சேர்த்துக்கொண்டு, பெரிய டாக்டர் வந்து பார்த்தார். நரைத்த மீசை. நிதானமாகப் பேசுவார். பார்த்து முடித்ததும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க கொஞ்சம் வெளிய வாங்களேன்" என்றார்.

"டாக்டர், மூக்கு என்னுடையது" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "சரி டீச்சர், உங்ககிட்டயே சொல்றேன். மூக்குக்குள்ள இருக்கறது வெறும் தோல் இல்ல. ஸ்பாஞ்சு மாதிரி ஒரு சவ்வு. பூரா ரத்தக் குழாய். அதுல ரத்தம் ரொம்புனா சவ்வு உப்பும், மூக்கு அடைச்சுக்கும். குழாய் சுருங்குனா சவ்வு வத்தும், மூச்சு தாராளமாப் போகும். சுருக்கறதுக்கு ஒரு நரம்பு இருக்கு. விரிக்கறதுக்கும் தண்ணி சுரக்க வைக்கறதுக்கும் இன்னொரு நரம்பு. ரெண்டும் நம்மளக் கேட்டுக்கிட்டு வேல செய்யறதில்ல. நெஞ்சு துடிக்கற மாதிரி, குடல் அசையற மாதிரி, தானா நடக்கும். உங்களுக்கு இந்த ரெண்டாவது நரம்போட கை ஓங்கிப் போச்சு. அவ்வளவுதான்."

தன்னியக்க நரம்பு மண்டலம் என்று அதற்குப் பெயராம். நல்ல மூக்கிலும் ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கம் கொஞ்சம் உப்பி ஓய்வு எடுக்குமாம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை முறை மாறுமாம். நாம் உணரவே மாட்டோமாம். என்னால் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியுமா? மதியம் பார்வை நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்ததும் சோறு கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக் கழுவித் துடைத்து அவர் மூக்குக்குக் கீழே பிடித்து, மூச்சு விடச் சொன்னேன். வலப்பக்கம் பெரிதாக ஆவி படிந்தது, இடப்பக்கம் சின்னதாக. சாயங்காலம் மறுபடி பிடித்தேன். இப்போது இடம் பெரிது, வலம் சிறிது. டாக்டர் பொய் சொல்லவில்லை. வார்டில் எல்லோரும் எங்களையே பார்க்க, அவர் எதுவும் கேட்காமல் தட்டில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார். என்ன மனுஷர் என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன். என் மூக்குக்குக் கீழே பிடித்தபோது இரண்டு பக்கமும் ஒன்றும் படியவில்லை.

மருந்தில் கேட்காத மூக்குக்குப் புதிதாக ஓர் ஆபரேஷன் வந்திருப்பதாகப் பெரிய டாக்டர் சொன்னார். மேலுதட்டைத் தூக்கி, ஈறைக் கீறி, கன்னத்து எலும்பின் வழியாகப் பின்னால் போய், அங்கே ஓர் எலும்புக் குழலுக்குள் ஓடும் நரம்பை அறுத்துவிடுவார்கள். அதோடு ஒழுகல் நிற்கும். "ஒண்ணே ஒண்ணு" என்றார். "மூக்குக்குத் தண்ணி கொண்டுபோற நரம்புலதான் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போற இழையும் சேர்ந்து ஓடுது. இத அறுத்தா அதுவும் போயிடும். கண்ணு கொஞ்சம் வறளும்."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"கண்ண ஈரமா வச்சுக்கற அளவுக்குச் சின்னச் சின்னச் சுரப்பி வேற இருக்கு. சமாளிக்கலாம். சொட்டு மருந்து குடுப்போம். ஆனா மனசு கஷ்டப்பட்டு அழுதா பொங்கி வருதே, அது வராது."

மறுநாள் கண் பகுதிக்கு அனுப்பினார்கள். நீளமாகக் கத்தரித்த வடிகட்டும் தாள் ஒன்றைக் கீழ் இமைக்குள் ஒரு நுனி மாட்டித் தொங்கவிட்டார்கள். கண்ணீர் அதில் எவ்வளவு தூரம் ஊறுகிறது என்று அளப்பார்கள். தாள் மளமளவென்று நனைந்தது. அளந்த பெண், "உங்களுக்கு நல்லாவே வருதும்மா" என்றாள். எனக்கென்னவோ என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டது போல எரிச்சலாக வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். பொழிச்சலூர்க்காரி, நிலம் வைத்திருந்த குடும்பம். சில மாதம் முன்பு அவளுக்கு வலப்பக்கம் மட்டும் இதே ஆபரேஷன் செய்திருந்தார்கள். இப்போது வலது கண் சிவந்து எரிகிறது என்று வந்திருந்தாள்.

"மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"மூக்கு ஜோரா கீது டீச்சர், இந்தப் பக்கம். ஒரு சொட்டு ஒழுவுல. கண்ணுதான் பேஜார் பண்ணுது. எங்க மாமியா செத்துப் போச்சு போன மாசம். எனக்கு அது பெத்த தாயி மாதிரி. வுழுந்து அழுதுகினு கீறேன், இந்தக் கண்ணுல தாரையா வருது, இந்தக் கண்ணு அப்படியே முழிச்சிகினு கீது. என் நாத்தனாரு பார்த்துட்டா. இன்னா சொன்னா தெரியுமா? பாதி அழுகைதான் அழுவுறா, மீதி நெஞ்சுல சந்தோசம்ன்னா. சாவு வூட்டுல, அத்தினி பேரு முன்னால. நரம்ப அறுத்துட்டாங்கன்னு சொன்னா எவ நம்புவா?"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? முந்தானையப் போட்டு மூடிகினேன். நல்லா ரோசன பண்ணிக்கோ டீச்சர்."

நான் யோசனை பண்ணினேன். ஒரு பக்கம் வேலை. கைக்குட்டையோடு இனியும் என்னை வகுப்பில் விட மாட்டார்கள் என்பது தெரிந்துபோயிற்று. இன்னொரு பக்கம் கண்ணீர். ஊரே கூடி நின்ற இடத்தில் வராத கண்ணீர் எனக்கு இருந்தால் என்ன, போனால் என்ன? கல் நெஞ்சுக்காரி என்ற பட்டம் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரும் போட வேண்டும். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போடுங்க" என்றேன். போட்டார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள். ஜன்னல் வழியாக வராந்தா தெரியும். அங்கே என் வீட்டுக்காரரும் பெரிய டாக்டரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்தான் பேசினார், வாயே திறக்காதவர். டாக்டர் திடீரென்று நிமிர்ந்து ஏதோ கேட்டார். இவர் கையால் புட்டி அளவுக்கு ஏதோ காட்டினார். டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு இவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தி, நெடுநேரம் சொன்னார். ரூபியின் வார்டுக்கு வெளியே நான் பார்த்த அதே வராந்தாப் பேச்சு.

உள்ளே வந்து, "ஆபரேஷன் இப்ப இல்லையாம். தியேட்டர்ல ஏதோ ரிப்பேராம். வீட்டுக்குப் போய் இருந்துட்டு அப்புறமா வரச் சொல்றாரு" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

கன்னியம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்தாள். "தேட்டர்ல ரிப்பேரா? இப்பத்தானே ஒரு பொண்ண உள்ள தள்ளிக்கினு போனாங்கோ."

வீட்டுக்கு வந்தோம். ஆபரேஷனுக்காகப் பள்ளியில் நீண்ட லீவு போட்டிருந்தேன். வந்த நாளிலிருந்து என் சந்தேகத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார் மனுஷர். சாயங்காலம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி வீட்டில் ஆப்பிள் யாருக்கு வாங்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விடியும்போதே எழுந்து அடுப்படியில் ஏதோ உருட்டுவார். எட்டிப் பார்த்தால் வெந்நீர் ஆற்றிக்கொண்டிருப்பார். "காபி போடலாம்னு" என்பார். மூக்குச் சொட்டுப் புட்டிகளைத் தேடி எடுத்து, பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டு, "நீ கடைக்குப் போகாத, தூசி. நானே எழும்பூர்ல வாங்கிட்டு வர்றேன்" என்றார். கல்யாணமான நாளாய் எனக்கென்று ஒரு குண்டூசி தானாக வாங்கி வராதவர்.

அந்தப் புட்டியும் சரியில்லை. போட்டால் முன்னைப் போலத் திறக்கவில்லை. தொண்டையில் கசப்பு குறைந்து என்னவோ போல் இருந்தது. "இது டூப்ளிகேட். எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று சண்டை போட்டேன். "அடுத்த தடவ வேற கடையில வாங்கறேன்" என்றார். அடுத்த புட்டி இன்னும் மோசம். முதல் சில நாள் மூக்கு அடைத்து, இரவெல்லாம் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "போகப் போகச் சரியாயிடும்" என்றார். ரூபியிடமும் இப்படித்தான் சொன்னார்கள்.

பிறகு நடந்ததுதான் என்னை உண்மையிலேயே கலக்கியது. மூக்கு சரியாக ஆரம்பித்தது. ஒரு பக்கம் திறந்தது. பிறகு மறுபக்கம். கைக்குட்டை காய்ந்தே கிடந்தது. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் பயந்து செத்தேன். ரூபிக்கும் கடைசியில் அப்படித்தான் இருந்தது. முகம் தெளிந்து, பசிக்கிறது என்று கேட்டு இட்லி சாப்பிட்டாள். அணையப் போகிற நேரத்து வெளிச்சம் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். மூக்கு இல்லை, மூளையில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் ஆபரேஷனைக் கைவிட்டார்கள், இவருக்குத் தெரியும், எனக்குத்தான் சொல்லவில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்ல என்பார். அந்த ஒண்ணுமில்லயை இன்னொரு தரம் காதால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதில், அவருக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று காட்டினேன். "எதுக்கு இதெல்லாம்?" என்றார். "சும்மா தெரிஞ்சு வச்சுக்குங்க" என்றேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு உயிர் மேல் இவ்வளவு ஆசை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போன அன்று ஒரு தீர்மானத்தோடு போனேன். பெரிய டாக்டர் இருட்டறையில் உட்காரவைத்து வெளிச்சம் போட்டு இரண்டு மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். விளக்கைப் போட்டுவிட்டு, "ஆபரேஷனே வேண்டாம் டீச்சர்" என்றார்.

எழுந்து நின்றேன். "இன்னும் எவ்வளவு நாள் டாக்டர்?"

"எது?"

"எனக்கு. மறைக்காமச் சொல்லுங்க. என் தங்கச்சிக்கு யாருமே சொல்லல. எனக்காவது சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பெரிய வியாதி எதுவும் இல்லன்னுகூட நீங்க இவங்ககிட்ட சொல்லலையா?" என்றார் டாக்டர். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டு, "உக்காருங்கம்மா. உங்களுக்கு ஒரு வியாதியும் இல்ல. உங்க வியாதியே அந்தச் சொட்டு மருந்துதான்" என்றார்.

சொட்டு மருந்து செய்வது, சுருக்குகிற நரம்பின் வேலையைத்தான். வெளியிலிருந்து கட்டாயப்படுத்திக் குழாய்களைச் சுருக்கும். அதன் வேகம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக உப்பும். உப்பியதும் நாம் மறுபடி விடுவோம். நாளாக ஆக, மூக்கு தானாகச் சுருங்குவதையே மறந்துவிடும். ஜலதோஷம் ஒரு வாரத்தில் போயிருக்கும். மீதி மூன்று வருடமும் நானே புட்டி புட்டியாக வாங்கிப் போட்டுக்கொண்ட வியாதி. வராந்தாவில் அன்றைக்கு டாக்டர் தற்செயலாக, "எப்பதான் இவங்களுக்கு மூச்சு நல்லாப் போகும்?" என்று கேட்க, இவர் சொட்டுப் புட்டியைச் சொல்லியிருக்கிறார். ஒரேயடியாக நிறுத்தினால் திணறிப் போய் நான் கடைக்கு ஓடிவிடுவேன், சொன்னால் நம்பவும் மாட்டேன் என்றும் இவரே சொல்லியிருக்கிறார். அதனால் டாக்டர், கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரை ஒவ்வொரு புட்டியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அனுப்பினாராம். கடைசிப் புட்டியில் மருந்தே இல்லை, உப்புத் தண்ணீர் மட்டும்தான்.

டாக்டருக்கு நன்றி சொன்னேனா என்று ஞாபகமில்லை. எழும்பூர் ஸ்டேஷன் வரை நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். வண்டியில் உட்கார்ந்ததும் பொரிந்து தள்ளினேன்.

"செத்துப் போகப் போறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தெரியுமா உங்களுக்கு? ரூபிகிட்ட மறைச்ச மாதிரி எங்கிட்டயும் மறைக்கறீங்கன்னு."

"தெரியாது" என்றார். "குழம்பு சொல்லிக் குடுத்தப்பக்கூடப் புரியல. மன்னிச்சுடு."

"ரூபி விஷயத்துல நீங்க மறைச்சதை நான் இன்னும் மறக்கல."

"தெரியும். அப்ப உங்க அப்பா பேச்சைத் தட்ட முடியல. அது தப்புதான்."

கிண்டி வந்தது, போனது. அவர் கையிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அன்றைக்கு வராந்தாவுக்கு டாக்டர் இவரைக் கூப்பிடவில்லை. இவர்தான் போய் டாக்டரைப் பிடித்திருக்கிறார்.

"கையெழுத்துப் போட்டாச்சே. அப்புறம் எதுக்கு டாக்டர்கிட்ட போனீங்க?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். பல்லாவரம் தாண்டியது. பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"வேணாம்னு சொல்லத்தான் போனேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்ட்டு வந்ததும் நீ குளிக்கப் போவ. குளிக்கறப்ப வர்ற தண்ணிச் சத்தம் வேற. சும்மா மொண்டு மொண்டு தரையில ஊத்தற சத்தம் வேற. ரூபி போனதுலேருந்து ஒரு ஞாயிறு தவறல. உனக்கு யாருக்கும் தெரியக் கூடாதுன்னு இருக்கு, அதனால நானும் வெளித் திண்ணப் பக்கம் போய் உக்காந்துக்குவேன். அந்த அழுகை ஒண்ணுதான் நீ உனக்குன்னு வச்சிருக்க. நரம்ப அறுத்தா அதுவும் வராதுன்னுட்டாரு. அப்புறம் நீ அத எங்க கொண்டுபோய்க் கொட்டுவ?"

வண்டி குரோம்பேட்டையில் நின்றது, கிளம்பியது. சானடோரியம் ஸ்டேஷனில் நின்றபோது எனக்கு உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆபீஸ் விட்டுப் போகிற கூட்டம். எதிர் பெஞ்சில் இருந்த பெண் தன் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நின்றிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏழு வருடம் கழித்து, என் தங்கைக்காக, அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டு அழுதேன். தாம்பரம் வந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை, என்னையும் எழுப்பவில்லை.